பாலாற்று வழக்கும் இறாற்பண்ணை எதிர்ப்பும்

ஆற்காட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கும் நாகைக் கடற்கரை இறாற்பண்ணைக்கும் தொடர்பு யாது என வினவுவார் உளர். இரண்டும் கிணற்று நீரை உவராக்கின என்பதே யாம் காணும் முதற்றொடர்பு. மற்றொன்று நீதிமன்றத்தில் நேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தாரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வலியுறுத்தியது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் கொணர்ந்த இறாற்பண்ணை வழக்கில், அவ்வாண்டு டிசம்பர் 11-இல் அந்நெறியே கடற்கரையை எய்திற்று. இரு தீர்ப்புகளையும் அளித்த அமர்வுகளில் குல்தீப் சிங் இருந்தார்.

வயல் உவர்நிலமாவதையும் கடலுக்குச் செல்லும் வழி அடைபடுவதையும் கண்டு உழவரும் மீனவரும் முன்னரே எதிர்த்து நின்றனர். தீர்ப்பு அவர்தம் எதிர்ப்பின் பயனே என்பது எம் கருத்து. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளை, மரபு முறையின நீங்கலாக, 1997 மார்ச்சு 31-க்குள் அகற்றுமாறு அது பணித்தது. ஆயின், 1991-ஆம் ஆண்டு அறிவிக்கையின் தடை இவ்வளர்ப்பினைக் கட்டுப்படுத்தாது என 2005-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதுவும் முற்காலத்திலிருந்தே செல்லுமாறு.