பிரண்டை: முறிவு நெறிவு வைத்தியத்திலிருந்து எலும்புக் கல ஆய்வு வரை
ஊவாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும்போது தேயிலை மலைகள் பின்தங்கி, இறப்பர்த் தோட்டங்களும் பற்றைக் காடுகளும் தொடங்குகின்றன. நாற்பட்டைத் தண்டோடு வேலிகளிலும் முட்புதர்களிலும் படர்ந்து கிடக்கும் பிரண்டை இந்த உலர்நிலத்துக் கொடி. தமிழர் வீட்டில் அது துவையல். சிங்களவருக்கு அது ஹீரெஸ்ஸ. தமிழில் முறிவு நெறிவு வைத்தியம் என்றும் சிங்களத்தில் கெடும் பிந்தும் என்றும் வழங்கும் மரபு எலும்பு மருத்துவத்தில் அதற்கு நெடுங்காலமாக இடமுண்டு.

இந்தக் கொடி ஆய்வுகூடத்துக்குள் சென்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே அதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் எவ்வாறு மாறி வந்தன என்பதை இக்கட்டுரை தொடர்கிறது. “எலும்பு விரைவாகக் கூடுமா?” என்ற கேள்வி “எந்தக் கலத்தில் என்ன நடக்கிறது?” என்றாகியது. “யாருடைய உடலில்?” என்ற மூன்றாவது கேள்வி இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. ஊவாவின் தோட்டங்களும் கிராமங்களும் அதைக் கேட்க வேண்டிய இடங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பெயரில் உறைந்த அனுபவம்

வடமொழி மருத்துவ நூல்கள் பிரண்டையை அஸ்திசம்ஹாரகம் என்கின்றன. அஸ்தி என்பது எலும்பு; எலும்பை ஒன்றுசேர்ப்பது என்று அப்பெயருக்குப் பொருள் கொள்வர். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த சக்கரபாணிதத்தரின் ‘சக்கரதத்தம்’ அதை முறிவுச் சிகிச்சையில் சேர்த்துள்ளது. வச்சிரவல்லி என்ற இன்னொரு பெயரும் உறுதியையே சுட்டுகிறது. கணுக்கணுவாகப் பொருந்தி நிற்கும் தண்டு எலும்பு மூட்டுகளை நினைவூட்டுவதும் இப்பெயர்களுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1767இல் லின்னேயஸ் இதற்கு சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று அறிவியற்பெயர் சூட்டியபோது, அவர் கண்ணில் பட்டதும் அந்த நாற்பட்டைத் தண்டுதான்.

சமையலறைக்கும் இதைப் பற்றி அறிவுண்டு. பிரண்டை நறுக்குமுன் கையில் எண்ணெய் பூசுவார்கள். இளந்தண்டாகத் தேர்ந்து, நாரை உரித்து, வதக்கிப் புளி சேர்ப்பார்கள். தண்டிலுள்ள கல்சியம் ஒக்சலேட்டு ஊசிப் படிகங்களே நமைச்சலுக்குக் காரணம் என்று இன்று தெரியும். ஆகவே அந்தப் பக்குவமும் மருந்தறிவின் ஒரு பகுதியே. இந்த ஒக்சலேட்டு பின்னர் மீண்டும் நம் வழியில் குறுக்கிடும்.

2. எலும்பு உயிருள்ளது என்று கண்ட காலம்

முறிந்த எலும்பு தானாகக் கூடுகிறது. முதலில் முறிவிடத்தில் இரத்தம் உறைகிறது. பிறகு குருத்தெலும்பாலான மென்தழும்பு உருவாகிறது. அது கெட்டியான எலும்பாகிறது. கடைசியில் உடல் அதைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவருகிறது. உடல் தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பின் கட்டமைப்பும் மாறுகிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று கண்டுபிடிப்புகள் எலும்பு, தசை ஆய்வின் திசையை மாற்றின. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தசைநாரின் விளிம்பில் ஒட்டிக் கிடக்கும் துணைக் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். காயப்பட்ட தசையைத் திரும்பக் கட்டுபவை அவையே. கல்சியம் நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தால் அந்தத் தசைக்குள்ளேயே புதிய எலும்பு உருவாவதை 1965இல் லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதே பத்தாண்டில் மொஸ்கோவில் ஃபிரீடென்ஸ்டைன், எலும்பு மச்சையில் எலும்பாக மாறக்கூடிய மூலக்கலங்கள் இருப்பதை நிறுவத் தொடங்கினார். எலும்பு உருவாகும் படிகளை இந்தியாவில் பிறந்த ஹரி ரெட்டி, சார்ல்ஸ் ஹக்கின்ஸோடு சேர்ந்து 1972இல் வரிசைப்படுத்தினார். யூரிஸ்ட் தேடிய எலும்பாக்கப் புரதங்களின் மரபணுக்கள் 1988இல் பிரித்தறியப்பட்டன.

எலும்பைக் கூட்டும் வல்லமை உடலின் கலங்களிலேயே இருக்கிறது என்பதே இவை அனைத்தின் சாரம். மருந்தால் அந்த வல்லமையைத் தூண்டவோ தடைகளை அகற்றவோதான் முடியும். பிரண்டை ஆய்வை இந்த வெளிச்சத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

3. வாரணாசி: முதற் கேள்வி

பிரண்டையை நவீன முறையில் சோதித்த முன்னோடி, அறுவை மருத்துவர் கே. என். உடுப்பா. ஆயுர்வேதத்தின் நிலையை ஆராய்ந்து 1959இல் அறிக்கை தந்த இந்திய அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பின்னர் வாரணாசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. சி. பிரசாத்துடன் இணைந்து, 1960களின் முற்பாதியில் முறிவு பற்றிய பல கட்டுரைகளை வெளியிட்டார்.

எலும்புக் கூடலைத் தாமதப்படுத்தும் கோர்ட்டிசோன் கொடுக்கப்பட்ட விலங்குகளில் பிரண்டை அந்தத் தாமதத்தை ஈடுசெய்கிறதா என்று 1963இல் பார்த்தார்கள். 1964இல் கதிரியக்கக் கல்சியம்-45 கொண்டு, முறிவிடத்தில் கல்சியம் சேரும் வேகத்தையும் கூடிய எலும்பின் உறுதியையும் அளந்தார்கள். பிரண்டை பெற்ற விலங்குகளில் தழும்பு முன்னதாக உருவாகியது. உறுதியும் முன்னதாகத் திரும்பியது. கொடியிலுள்ள ஸ்டீரொயிட்டு வகைப் பொருள் ஒன்றே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர்.

பரம்பரை வைத்தியர் கைவிரலால் தடவி உணர்ந்ததை இங்கே கதிரியக்க அளவி எண்ணாக்கியது. இரண்டு அறிவு மரபுகளும் ஒரே மேசையில் சந்தித்த அந்த ஆண்டுகள் இந்திய மருத்துவ வரலாற்றில் மதிப்புக்குரியவை.

இலங்கையிலும் அதே காலத்தில் சுதேச மருத்துவம் அரச அமைப்புக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர் பதிவுக்கு வழிசெய்தது. 1962இல் நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆய்வு நிலையம் எழுந்தது.

4. மணிப்பால், சென்னை, கொச்சி: கலத்தின் மொழி

2003இல் மணிப்பாலில் முறிவிலிருந்து எலும்புத் தேய்வுக்கு ஆய்வு நகர்ந்தது. சூலகம் அகற்றிய பெண் எலிகள் மாதவிடாய் நின்ற பெண்ணின் நிலைக்கு மாதிரியாக அமைந்தன. பிரண்டைச் சாறு அவற்றின் எலும்பிழப்பைக் குறைத்தது. 2009இல் அதே நகரில் எலியின் மச்சை மூலக்கலங்கள், பிரண்டைச் சாறு சேர்ந்தபோது எலும்பாக்கக் கலங்களாக மாறி கனிமம் படிய வைப்பது காணப்பட்டது. தாய்லாந்து ஆய்வாளர்களும் அதே ஆண்டில், எலும்பு கனிமமாவதில் முக்கியமான அல்கலைன் பொஸ்படேசு நொதியின் செயல் கூடுவதை அறிவித்தனர். 2011இல் சென்னைப் பல்கலைக்கழகத்தினர் மனித எலும்புக் கட்டியிலிருந்து வளர்த்த கலங்களில் இதையொத்த விளைவைக் கண்டனர். 2012இல் கொச்சியில் பிரண்டைச் சாற்றை உயிர்ப்பலபடிகளோடு சேர்த்து, எலும்பு வளரச் சாரமாக நிற்கும் நுண்துளைத் தாங்கி ஒன்றை வடிவமைத்தார்கள்.

துவையலுக்கு அரைத்த கொடி இன்று எலும்புப் பொறியியலின் மூலப்பொருள். இது பெருமைக்குரிய பயணம். ஆயினும் தட்டில் வளரும் கலம் மனித உடலாகாது; கட்டியிலிருந்து வந்த கலம் இயல்பான எலும்புக் கலமும் ஆகாது.

மனிதரிடம் செய்யப்பட்ட சோதனைகள் சில உண்டு. லக்னோவில் கீழ்த்தாடை முறிந்தவர்களிடம் பிரண்டையையும் முருங்கையையும் சோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பங்கெடுத்தோர் தொகை சிறியது. தாடையில் கண்டதை இடுப்பெலும்புக்கும் தொடையெலும்புக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

5. யாருடைய உடலில்?

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒழுங்காக உணவளிக்கப்பட்ட விலங்குகளிலும் வளர்ப்புத் தட்டுகளிலும் நடந்தவை. ஊவாவின் உடல்கள் வேறு சூழலில் வளர்பவை.

கொழுந்து பறிக்கும் பெண் சரிவான மலையில் சுமையோடு ஏறி இறங்குகிறாள். வொல்ஃப் சொன்னபடி சுமை எலும்பை வலுப்படுத்தலாம். அதற்கு வேண்டிய புரதமும் கல்சியமும் உணவில் இருக்க வேண்டும். 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். எலும்பின் உச்சத் திணிவு இளம்பருவத்தில் சேர்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளரும் பிள்ளையின் தட்டில் முட்டையும் பாலும் மீனும் குறைந்தால், அந்தப் பிள்ளை நாற்பது ஆண்டுகள் கழித்து வழுக்கி விழும்போது அதன் விலையை எலும்பு கொடுக்கிறது. எந்தக் கொடியாலும் அந்தக் கடனை முழுதாக அடைக்க முடியாது.

கீழ்நிலத்தில் வேறொரு சிக்கல். மொனராகலை மாவட்டத்தின் சில பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுதி; அது பல்லிலும் எலும்பிலும் படிகிறது. பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டை, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய இடங்களில் ஒன்று. சிறுநீரகமே வைட்டமின் டீயைச் செயல்படு நிலைக்கு மாற்றுகிறது. அது பழுதானால் எலும்பும் நலிகிறது. ஒக்சலேட்டை வெளியேற்றும் வேலையும் சிறுநீரகத்துடையதே. ஆகவே ஒருவரின் எலும்புக்கு உதவக்கூடும் என்று நாம் எண்ணும் கொடி, அவருடைய பழுதான சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். இங்கு செய்யப்படும் எந்தச் சோதனையும் சிறுநீரகச் செயற்பாட்டை முதலில் அளந்தே தொடங்க வேண்டும்.

தசையையும் மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் பிளாஸ்டர் கட்டிய காலில் எலும்பு கூடினாலும் தசை மெலிந்துவிடும். மௌரோ கண்ட துணைக் கலங்கள் வேலை செய்ய அசைவும் பயிற்சியும் உணவும் தேவை. கட்டை அவிழ்த்ததும் மலைக்கு வேலைக்குப் போயாக வேண்டிய தொழிலாளிக்கு இயன்மருத்துவப் பயிற்சி கிடைக்கும்போதே சிகிச்சை நிறைவுறும்.

முடிவுரை

உடுப்பா காலத்தில் பிரண்டையின் வேகத்தை அளந்தார்கள். மணிப்பாலிலும் சென்னையிலும் அதன் வழியைக் கலத்துக்குள் தேடினார்கள். மூன்றாவது கேள்விக்கான விடை, அந்தக் கொடி வளரும் இடத்திலேயே கிடைக்கக்கூடியது. 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் இருக்கிறது. முறிவுக்குப் பிளாஸ்டர் கட்டும் மருத்துவமனையும், பற்றுப் போடும் பரம்பரை வைத்தியரும், பிரண்டையின் பக்குவம் அறிந்த தாய்மாரும் அதே மாகாணத்தில் இருக்கிறார்கள். இவர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால், எந்த அளவு, எந்தப் பக்குவம், யாருக்குக் கூடாது என்பதை நேர்மையாக வரையறுக்கலாம். அந்த வரையறை, மலையில் விழுந்து காலொடிந்த ஒரு பெண் முன்னதாகவும் பாதுகாப்பாகவும் எழுந்து நடக்க உதவ வேண்டும். அவள் பிள்ளையின் தட்டில் சேரும் ஒரு முட்டையும் அதே ஆய்வின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.