எறும்பு காட்டிய சர்க்கரையும் இன்னும் அளக்காத ஆறும்



வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கிற நம் பிள்ளைகள் சிலர், மேல்கையில் ரூபாய் நாணயம் போல ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு படம் அனுப்புகிறார்கள். "சார், ஊசி குத்தாமலே செல்போனில் சுகர் தெரிகிறது. இது எப்படி?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வில்லைக்கு உயிர் உணரி என்று பெயர். பயோசென்சர் என்பார்கள். அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, தனக்குரிய பொருளை மட்டும் அடையாளம் காணும் நொதியோ நுண்ணுயிரோ, ஏதோ ஓர் உயிர்ப்பொருள். இன்னொன்று, அது கண்டதை மின்சாரமாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்டும் கருவி. கொரோனா காலத்தில் எல்லாரும் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டர் இந்த வகை இல்லை. அது ஒளியை மட்டும் வைத்து அளக்கிறது. உயிர்ப்பொருள் இருந்தால்தான் உயிர் உணரி.

அப்படிப் பார்த்தால் முதல் உணரி எறும்புதான். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அது மதுமேகம் என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1674இல் வெளியிட்ட நூலில், இந்நோயாளிகளின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்று எழுதினார். சுவைத்துப் பார்த்துத்தான் எழுதினார். 1776இல் மாத்யூ டாப்சன், அந்த இனிப்பு சர்க்கரையேதான் என்று சிறுநீரை வற்றக் காய்ச்சிக் காட்டினார்.

பிறகு வந்தது பெனடிக்ட் கரைசல். அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908இல் உருவாக்கியது. என்னிடம் படித்தவர்களுக்கு அந்த நீல நிறம் நினைவிருக்கும். சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினால், சர்க்கரை இருக்கும் அளவுக்கு ஏற்ப நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் செங்கல் நிறமாகும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் ஊர்ப்பக்க ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை நோய்க்குச் சோதனை என்றால் இதுதான்.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். வயதானவர்களுக்கு அந்த எல்லை இன்னும் மேலே போய்விடலாம். அதாவது குழாயில் நீலம் மாறாமல் இருந்தாலும் உள்ளே நோய் இருக்கலாம்.

1980களில் என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் சோதனை செய்துகொள்வார். "நீலம்தான்யா, எனக்கு ஒன்றுமில்லை" என்பார். செருப்புக் கடித்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான்கு வருடம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் சோம்பலாக இருந்தவர் இல்லை. ஒழுங்காகச் சோதித்துக்கொண்டவர். அன்று கிராமத்துக்குக் கிடைத்த கருவிக்குக் கண் மங்கல், அவ்வளவுதான்.

சென்னையில் அப்போதே நல்ல வைத்தியம் இருந்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இலேயே டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப்பிரிவு தொடங்கிவிட்டார். பின்னர் ராயபுரத்தில் இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனையும் கண்டார். ஆனால் ஒரு ரத்தச் சோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற நம் ஊரில் எத்தனை பேரால் முடியும்?

இந்தத் தூரத்தைக் குறைத்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி, அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்க ஒரு மின்முனையை உருவாக்கி, 1956இல் அதைப் பற்றி எழுதினார். ஆக்சிஜனை அளக்க முடிந்தால் சர்க்கரையையும் அளக்கலாமே என்று அடுத்து யோசித்தார். அதற்கு அவர் துணைக்கு அழைத்தது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை. அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? வெங்காயத்தை உரிக்கும்போது தோலில் கரி போலப் படிந்திருக்குமே ஒரு பூஞ்சை, அந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து. 1928இல் டெட்லெவ் முல்லர் அதில்தான் இந்த நொதியைக் கண்டறிந்தார்.

இந்த நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததும் பக்கத்திலுள்ள ஆக்சிஜனைச் செலவழித்து அதை வேறொரு பொருளாக மாற்றும். எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறதோ அந்த அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கணக்கு. கிளார்க் இந்த நொதியை மெல்லிய சவ்வுக்குள் அடைத்துத் தன் மின்முனையின் மேல் வைத்தார். லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1962இல் இதை வெளியிட்டார். உலகத்தின் முதல் உயிர் உணரி என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1975இல் இந்த முறையில் வேலை செய்யும் கருவி ஆய்வுக்கூடங்களுக்காக விற்பனைக்கு வந்தது.

இதற்கிடையில் நிறம் மாறும் பட்டைகளும் வளர்ந்துவந்தன. 1965இல் ஒரு சொட்டு ரத்தத்தில் நிறம் காட்டும் பட்டை வந்தது. அந்த நிறத்தை ஒளியால் படித்து அளவு சொல்லும் கருவி 1970 வாக்கில் வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். மருத்துவர் மேசையில்தான் வைக்க முடியும். 1987இல் பேனா அளவில் ஒரு கருவி வந்தது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களின் உழைப்பு அது. நொதி சர்க்கரையிலிருந்து பெறும் எலக்ட்ரான்களை வேறொரு வேதிப்பொருள் வாங்கி நேரடியாக மின்முனைக்குக் கொடுத்துவிடும். ஆக்சிஜனை நம்பியிருக்க வேண்டாம். இன்று உங்கள் வீட்டு சுகர் மெஷின் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

உங்கள் கை வில்லையும் அதே குடும்பம்தான். தொடர்ந்து அளக்கும் உணரிக்கு அமெரிக்காவில் 1999இல் அனுமதி கிடைத்தது. 14 நாள் ஒட்டியிருக்கும் வில்லை 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது ரத்தத்தை அளப்பதில்லை, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை அளக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அங்கே வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். மெஷினும் வில்லையும் கொஞ்சம் வேறுபட்டால் பதற வேண்டாம்.

நம் மாநிலத்தில் இந்தக் கருவி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அண்மையில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல். நூறு பேர் வருகிற ஒரு கல்யாணப் பந்தியில் இதை எண்ணிப் பாருங்கள்.

என் சகாக்களில் இன்னமும் சிலர் "எனக்கு மயக்கமில்லை, தாகமில்லை, எதற்குச் சோதனை?" என்கிறார்கள். கால் போன அந்த ஆசிரியருக்கும் மயக்கமும் இருந்ததில்லை, தாகமும் இருந்ததில்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். நம் ஊருக்கு வடக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துகளின் பெயர்கள் என எல்லாவற்றையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரி.

அந்தப் பாலாறுதான் மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வருகிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் அங்கே நிலத்தடி நீர் பாழானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது.

நீரில் அழுகும் கழிவு எவ்வளவு என்று பார்க்க பி.ஓ.டி. சோதனை செய்வார்கள். நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. பழைய முறையில் 5 நாள், நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் அந்த நீர் எங்கோ போயிருக்கும். ஜப்பானில் இசாவோ கருபே 1977இல், கிளார்க்கின் ஆக்சிஜன் மின்முனை மேல் நொதிக்குப் பதிலாக நுண்ணுயிர்களையே வைத்து, நாள்கணக்கை நிமிடக்கணக்காகக் குறைத்தார். சர்க்கரைக்கு வந்த அதே யோசனைதான். நம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் இத்தகைய உணரிகளை ஆராய்கிறார்கள்.

அப்படியானால் சுகர் மெஷின் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது, ஆற்று மெஷின் ஏன் கிடைக்கவில்லை? இரண்டு காரணம். ரத்தம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. தேடுவதும் ஒரே ஒரு பொருளை. ஆற்றுநீர் நாளுக்கு நாள் மாறும், அதில் சாக்கடையும் உப்பும் குரோமியமும் கலந்து வரும், உணரியின் மேல் பாசி படியும், சில கழிவில் நுண்ணுயிரே செத்துவிடும். இது முதல் காரணம். இரண்டாவது, நோயாளி மாதாமாதம் ஸ்ட்ரிப் வாங்குகிறார். அதை நம்பிக் கம்பெனிகள் போட்டி போட்டுக் கருவியைச் சின்னதாக்கின. ஆற்றுக்காக யார் கடைக்குப் போய் ஸ்ட்ரிப் வாங்குவார்கள்?

அந்த "யார்" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒருகாலத்தில் பதில் இருந்தது. பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறையை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று இருப்பதையும் நினைவில் வையுங்கள். நீரைப் பார்த்துக்கொள்வது இன்னாருடைய வேலை என்று பெயர் குறித்து ஒப்படைத்திருந்தார்கள். கருவி இல்லாத காலத்தில் பொறுப்பு இருந்தது. இன்று கருவி வந்துகொண்டிருக்கிறது, பொறுப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, முப்பது வயது தாண்டிய எல்லாரும் வருடம் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் ஆய்வகத்தில் உறுதிசெய்து மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது, சோதிக்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டிய மாம்பழச் சாறும் நொதிக்குச் சர்க்கரைதான். ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடி வையுங்கள், தேதி முடிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். மூன்றாவது, உயிர்த்தொழில்நுட்பமும் மின்னணுவியலும் படித்த என் பிள்ளைகளுக்கு. கைக்கு வந்துவிட்ட இந்த வில்லையைப் பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நம் ஏரிக்கும் கொண்டுவர ஒருவராவது முயலுங்கள். இத்துறையில் வேலை செய்பவர்கள் கீழே எழுதுங்கள். எல்லாரும் தெரிந்துகொள்வோம்.

நலம் நாடும்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்,
உத்திரமேரூர்.