இழுவை மடி வந்த வழி

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு படகுக்கு மூன்று பெயர் உண்டு. மீன்வளத்துறைக் காகிதத்திலும் நாளிதழிலும் அது விசைப்படகு. அதில் தொழிலுக்குப் போகிறவர்கள் வாயில் வெறும் போட்டு. எல்லைக்கோட்டைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் போய்விட்டால், அங்குள்ளவர்களுக்கு அது இழுவைப்படகு, இல்லையென்றால் றோலர். இந்தக் கரையில் எஞ்சினை வைத்துப் பெயர் சொல்கிறோம். அந்தக் கரையில் அது பார்க்கும் வேலையை வைத்துச் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் றோலர் ஆகிவிட்ட சொல் ஆங்கிலத்தில் டிராலர். டிரால் என்னும் வினைச்சொல்லின் பிள்ளை. வலையைக் கடலின் தரையோடு இழுத்துக்கொண்டு போவதுதான் டிரால். அந்தச் சொல்லும் வலையும் கடல் கடந்து வந்தவை. போன இடமெல்லாம் ஒரு வழக்கும் கூடவே போயிருக்கிறது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. அங்கே டிராகுலா என்றொரு சொல் இருந்தது. ரத்தம் குடிக்கும் கோமானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த டிராகுலாவுக்கு இரண்டு பொருள். ஒன்று, வார் கட்டி எறியும் ஈட்டி. கால் (Gaul) நாட்டுப் போரில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட குயிண்டஸ் சிசரோவுக்கு ஜூலியஸ் சீசர் அனுப்பிய கடிதம் அப்படிப்பட்ட ஈட்டியில் கட்டித்தான் பாசறைக்குள் எறியப்பட்டது. மற்றொன்று, இழுத்து மீன் பிடிக்கும் வலை. ரோமானிய அறிஞர் பிளினி அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘இழு’ என்ற பொருள் தரும் டிராஹெரே என்ற வினை என்று கருதுகிறார்கள். அது பெரிய குடும்பம். கலப்பையை இழுக்கும் டிராக்டர் அதன் வாரிசு. பெட்டிகளை இழுத்துப் போகும் டிரெயினும் அப்படியே. இரண்டு தரப்பை ஒன்றாக இழுத்துக் கட்டும் கான்ட்ராக்டும் அந்த வீட்டுப் பிள்ளைதான். டிராலுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது டிரெயில் என்ற வினை. அதிலிருந்து வந்தது டிரெய்லர். லாரியின் பின்னால் இழுபட்டு வருவதால் அந்தப் பெயர். சினிமா டிரெய்லருக்கும் காரணம் அதுதான். ஆரம்ப காலத்தில் அதைப் படம் முடிந்த பிறகு, படத்தின் வாலில் ஒட்டிக் காட்டினார்கள். முன்னால் ஓட ஆரம்பித்த பிறகும் பெயர் மாறவில்லை.

லத்தீன் வலை டச்சுக்காரர்களிடம் போய் டிராஹெல் ஆனது. அவர்கள் கடல் அதற்கு ஏற்ற கடல். வட கடலின் தென்பகுதி ஆழமில்லாதது, மணலும் சேறுமான சமதரை. 16ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலம் அந்த வினையைக் கடன் வாங்கி டிரால் ஆக்கிக்கொண்டது.

ஆனால் சொல் வந்து சேரும் முன்பே இங்கிலாந்தில் அதன்மீது புகார் பதிவாகிவிட்டது. 1376இல், மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. வொண்டிர்சூன் என்ற புதிய வலை வந்திருக்கிறது. மூன்று பாகம் நீளம், பத்து அடி அகலம். அதன் கனத்த இரும்பு தரையை அழுத்திக்கொண்டு போவதால் கடலடிச் செடிகளும் சிப்பிக் குஞ்சுகளும் நாசமாகின்றன. கண்ணி சிறிதாக இருப்பதால் குஞ்சு மீன்கூடத் தப்புவதில்லை. பிடித்த குஞ்சுகளை என்ன செய்வதென்று தெரியாமல் பன்றிக்குப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். மனுவின் சாரம் இவ்வளவுதான். விசாரித்தவர்கள் 1377இல் சொன்ன தீர்வும் சிறியது: இந்த வலையைக் கரையோரத்திலும் கழிமுகத்திலும் விடாதீர்கள், ஆழ்கடலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மனுவையும் தீர்வையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஜெகதாப்பட்டினம் இருக்கும் பாக் விரிகுடாவில் இரண்டும் திரும்ப வரும்.

நெடுங்காலம் அந்த வலையின் வாயை விரித்துப் பிடித்தது ஒரு நீள மரச்சட்டம். பாய்மரப் படகு இழுக்கும்வரை காற்று அனுமதித்த அளவுக்குத்தான் நாசம். 1881இல் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்காக ஜோடியாக் என்ற நீராவி டிராலர் கட்டப்பட்டது. 1894இல் ஸ்காட்லாந்தின் கிரான்டனைச் சேர்ந்த ஸ்காட் என்பவர் மரச்சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வலைக்கு இருபுறமும் இரண்டு பலகை போதும் என்று காப்புரிமை வாங்கினார். இந்த இரண்டு மாற்றத்துக்கும் நடுவே, 1883இல், லண்டன் மீன்வளக் கண்காட்சியில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி பேசினார். பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை, மனிதன் பிடிப்பதால் அவற்றுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் வராது என்பது அவர் கருத்து. டார்வினுக்காக வரிந்துகட்டி வாதாடியவர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

20ஆம் நூற்றாண்டில் இந்த வினை கரையேறி அலுவலகங்களுக்குள்ளும் போய்விட்டது. ஆயிரம் கோப்புகளை அலசித் தேடுவதை ஆங்கிலத்தில் ‘டிரால் த்ரூ’ என்பார்கள். கிடைப்பது கிடைக்கட்டும் என்று பரப்பாகத் தேடினால் ‘டிரால் ஃபார்’. காகிதத்தில் அது பாராட்டு. எதையும் விடாமல் பார்த்தார் என்று பொருள். கடலில் எதையும் விடாமல் அள்ளுவதுதான் குற்றச்சாட்டு.

பக்கத்து வீட்டு வினை ஒன்றோடு இது அடிக்கடி குழம்புவதும் உண்டு. ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீனை ஏமாற்றுவது ட்ரோல். அது வேட்டையாடித் திரிவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இரை போட்டு ஆளைக் கடிக்க வைக்கும் இணைய ட்ரோலுக்கும் இந்தத் தூண்டில்தான் ஒரு மூலம் என்பார்கள். கேரளத்தில் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிட்டன. 1988இலிருந்து மழைக்காலத்தில் அங்கே வரும் இழுவைத் தடைக்கு மலையாளத்தில் ‘ட்ரோளிங் நிரோதனம்’ என்றே பெயர். தடை அறிவிப்பு வந்தால் மீம் போடுகிறவர்களுக்கும் தடையா என்று கேட்டுச் சிரிக்காத மலையாளி குறைவு.

வலை இந்தியாவுக்குள் ஊன்றிய இடமும் கேரளம்தான். 1952இல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தால் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. முதலில் எஞ்சின் படகு, ஐஸ், சுகாதாரம் என்றுதான் நோக்கம் இருந்தது. அதற்குள் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவில் கிராக்கி வந்துவிட்டது. தென்னைக்கு உரமாகக்கூடப் போட்ட இறால் டாலர் ஆனது. இறால் இருப்பது தரையில். தரையை வாரத் தெரிந்தது டிரால் வலை, தமிழில் இழுவை மடி. 1960களில் கேரளக் கரை முழுக்கப் பரவியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அரசுக் கடனோடும் மானியத்தோடும் தமிழ்நாட்டுக் கரையிலும் இறங்கியது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னக் கடற்கரையில் விசைப்படகுத் தளம் என்றால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும்தான்.

ஜெகதாப்பட்டினத்துப் படகின் பின்பக்கம் நின்று பார்த்தால் ஸ்காட்டின் காப்புரிமை கண்முன் கிடக்கும். இரும்புப் பட்டை அடித்த இரண்டு பலகைகள். அவற்றை வின்ச்சோடு இணைக்கும் ரோப்புகள். வலையின் மேல் ஓரத்தில் மிதவை, கீழ் ஓரத்தில் சங்கிலியும் ஈயக் குண்டும். படகு ஓடும்போது தண்ணீரின் எதிர்ப்பில் இரண்டு பலகையும் ஆளுக்கொரு பக்கம் விலகும். மிதவை தூக்கும், சங்கிலி அழுத்தும். வலை வாயைத் திறக்கும். படகின் வேகம் ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சற்றுத்தான் கூட. மணிக்கணக்கில் இழுத்துவிட்டு வின்ச்சைச் சுற்றி, மடியின் அடிமுடிச்சை அவிழ்த்தால் தளத்தில் கொட்டும் குவியலில் இறால், நண்டு, கணவாய் தனித்தனியே பொறுக்கப்படும். பொறுக்கி எடுத்த பிறகு மிச்சம் நிற்பது குஞ்சும் பொடியுமான மீன். பாக் விரிகுடாக் கரையில் அதற்குச் சங்காயம் என்று பெயர். காய வைத்து, அரைத்து, கோழித்தீவனத்துக்குப் போகிறது. 1376இல் பன்றி, இப்போது கோழி.

தரையோடு இழுப்பதே இந்தக் கடலுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. பாய் விரித்த வள்ளத்தைக் காற்றுத் தள்ள, பின்னால் மடி இழுபட்டு வரும் தள்ளுமடி பாக் விரிகுடாவில் பழைய தொழில். காற்று நின்றால் மடியும் நின்றுவிடும். டீசல் எஞ்சின் நிற்பதில்லை. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடல் இது. அடியில் கடற்புல் மேடுகள். அந்தப் புல்லைத் தின்று வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இங்கிலாந்து மனு சொன்ன கடலடிச் செடி இங்கே கடற்புல்.

சண்டையும் சீக்கிரமே வந்தது. நாட்டுப்படகுக்காரர்களின் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போக, 1970களில் பாக் விரிகுடாவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்றது. 1377இல் சொன்ன அதே பதில்: கரையை விட்டு ஆழத்துக்குப் போ.

வெளியே போ என்றால் எங்கே போவது? ஒருபக்கம் 3 கடல் மைல், மறுபக்கம் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கடல், சேர்ந்துவிட்ட படகுகளுக்குப் பற்றாது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு மாகாண மீனவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலியிடத்தில் நம் படகுகள் பழகிவிட்டன. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்ப வலை போட்டபோது, இரவு போட்ட வலை காலையில் இல்லை. கடனுக்கு வாங்கிய நைலான் வலையை ஒரே இரவில் இழந்த யாழ்ப்பாண மீனவரும், படகோடு சிறைபட்ட ஜெகதாப்பட்டினத்து மீனவரும் பேசுவது ஒரே மொழி. இருவர் பேச்சிலும் அந்தப் படகுக்குப் பெயர் மட்டும் வேறு.

பெயர் வேறாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் இது எல்லைப் பிரச்சினையாகவும் கச்சத்தீவுப் பிரச்சினையாகவும்தான் பேசப்படுகிறது. விசைப்படகு என்ற சொல்லில் வலையே இல்லை. யாழ்ப்பாணத்தில் பேச்சு தொடங்குவதே வலையிலிருந்து. 2010இலும் 2014இலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தபோது எல்லையைவிட இழுவையை எப்போது நிறுத்துவீர்கள் என்பதே முக்கியக் கேள்வியாக இருந்தது. நம் தரப்பு கேட்டது அவகாசம். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. தன் நாட்டுப் படகுக்கும் சேர்த்துத்தான்.

அதே ஆண்டு இந்தியாவிலும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப்படகுகளை மூன்று ஆண்டில் மாற்றி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் தருவது. மொத்தம் 1,600 கோடி ரூபாய். ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் என்று கணக்கிட்டு, மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம் என்று பிரித்தார்கள். புதிய படகின் முக்கியத் தொழில் ஆயிரமாயிரம் கொக்கி கோத்த நெடுந்தூண்டில். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் பழைய மீனவர்கள் அந்த நெடுந்தூண்டிலைத்தான் டிரால் என்றார்கள். சொல் மாறாமலே தொழில் மாறலாம் என்பதற்கு அங்கே சாட்சி இருக்கிறது.

இங்கே தொழில் அவ்வளவு எளிதாக மாறவில்லை. மூன்று ஆண்டு கடந்தும் 2,000 என்ற இலக்கின் ஓரத்தைக்கூடத் திட்டம் தொடவில்லை. காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. 10 சதவீதம் என்றால் 8 லட்சம், அதன்மேல் 16 லட்சம் கடன். காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் வங்கக் கடலில் தங்க வேண்டும். தெரிந்த தொழில் தரையில் இறால் பார்ப்பது. கற்க வேண்டியது நடுநீரில் ஓடும் சூரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மடியைக் கரையில் போட்டுத் தைக்கும் ஆளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தால், அவர் முதலில் கேட்பது ஆழத்தைப் பற்றி இருக்காது, தவணையைப் பற்றி இருக்கும்.

640 ஆண்டுக்கு மேலாக இந்த மடிக்கு ஒரே தீர்ப்புத்தான்: ஆழத்துக்குப் போ. தீர்ப்பு சொன்ன எல்லோரும், போவதற்கான செலவை யார் எவ்வளவு தாங்குவது என்ற கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். இழுவை கூடாது என்று சொல்வது சரி. அதைச் சொல்ல நாமும் அந்தப் படகை இழுவைப்படகு என்றே அழைக்கத் தொடங்க வேண்டும். கூடவே அதன் உரிமையாளரும் கூலிக்குப் போகிறவரும் சுமக்கும் கடனையும் அதே மேசையில் வைக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பேசினால், இன்னும் எத்தனை மனு எழுதினாலும் மடி தரையை விட்டு எழும்பாது.