பார்வை வேட்டை: சங்கச் சான்றுகளும் புறாவேட்டை நுட்பமும்

ஓர் உயிரைக் காட்டி அதன் இனத்தைச் சேர்ந்த பிற உயிர்களைப் பிடிக்கும் முறை உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு இருந்துவந்துள்ளது. அவ்வாறு காட்டப்படும் உயிருக்குத் தமிழில் ‘பார்வை’ என்பது பெயர். மானாயின் பார்வை மான்; பறவையாயின் பார்வைப் புள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இப்பொருளைத் தருகின்றது. பார்த்தலாகிய தொழிலின் பெயர் பார்க்கப்படும் பொருளுக்கு ஆகிவந்தமையின் இதனைத் தொழிலாகுபெயர் எனக் கொள்ளலாம். இன்றைய வழக்கில் இப்பொருள் மறைந்துவிட்டமையால், பழம்பாடல்களில் இச்சொல் வருமிடத்துப் புதிதாகப் பயில்வோர் இடர்ப்படுவதுண்டு.

சங்ககால எயினர், வேட்டுவர் ஆகியோரைப் பற்றிய வரலாற்று நூல்களில் வில்லும் நாயும் வலையும் பேசப்படும் அளவிற்குப் பார்வை பேசப்படுவதில்லை. அதனால், கண்ட விலங்கை எய்து உண்டு அலைந்தவர் என்ற சித்திரமே அம்மக்களுக்கு நிலைத்துவிட்டது. பார்வை குறித்த சான்றுகள் இச்சித்திரத்திற்கு இயைபுடையனவாக இல்லை. பார்வையை வைத்து வேட்டையாடுபவன் முதலில் ஓர் உயிரைப் பிடித்து, பழக்கி, உணவிட்டு, நெடுநாள் காக்க வேண்டும். வேட்டைக்கு முன்னரே வளர்ப்பு அங்கே தொடங்கிவிடுகின்றது.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசையின் முற்றத்தில் விளாமரம் ஒன்று நிற்கின்றது. அதன் அடிமரம் தேய்ந்திருக்கின்றது; காரணம், பார்வை அதில் கட்டப்பட்டிருத்தலேயாகும். நச்சினார்க்கினியர் இதனைப் பார்வை மான் என்றே கொள்வர். மரம் தேயும் அளவிற்கு ஒரு விலங்கு கட்டப்பட்டிருந்தது என்றால், அது ஒருநாள் இருநாள் செய்தியன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த விலங்கைப் பற்றி வேறொன்றும் கூறவில்லை. தேய்ந்த மரமே போதிய சான்றாகின்றது.

புறநானூற்றின் 320ஆம் பாடல் இதனினும் விரிவான காட்சியைத் தருகின்றது. வீரை வெளியனார் பாடியது இது. முன்னையும் முசுண்டையும் படர்ந்த முற்றத்து நிழலில் வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகின்றான். அங்குள்ள பார்வைப் பிணையோடு எங்கிருந்தோ வந்த தனிக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகின்றது. அதனைக் கண்ட மனைவி, கணவன் விழித்துவிடுவானோ என அஞ்சுகின்றாள். கலை பிணையை விட்டு நீங்கிவிடுமோ எனவும் அஞ்சுகின்றாள். ஆதலின் சிறிதும் நடமாடாது நிற்கின்றாள். அந்நேரத்தில் மான்தோலில் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. இப்பாடலை இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அது பொருந்துவதே. ஆயினும் தொழில் வரலாற்று நோக்கில் இங்குக் காணத்தக்கது வேறு: பிடிப்பதற்காகக் கட்டிய பார்வை தன் வேலையைச் செவ்வனே செய்துவிட்டது, கலை வந்து அகப்படும் நிலையில் நிற்கின்றது, அவ்வேளையில் பொறியின் இயக்கத்தை நிறுத்திவைப்பவள் அம்மனைவி. பார்வை வீட்டு முற்றத்தில் இருந்தமையால்தான் அவளுக்கு அது இயன்றது.

பறவை வேட்டைக்கு நற்றிணையில் இரு சான்றுகள் உள்ளன. 212ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் தோல்வியுற்ற வேட்டை ஒன்றைக் காட்டுகின்றார். பார்வையை வைத்து வேட்டுவன் விரித்த வலையைக் கண்டு, நெடுங்கால்களையுடைய கணந்துள் வெருவிக் கத்துகின்றது. அதன் தனித்த குரல் வழிச்செல்லும் கூத்தரின் யாழிசையோடு கலக்கின்றது. பார்வை எத்துணை நன்றாக இருப்பினும் வலை கண்ணிற்பட்டால் வேட்டை கெடும் என்னும் நுட்பம் இங்குப் புலனாகின்றது. புதரில் மறைந்து புள்ளைப் பிடிக்கும் வேட்டுவனைத் திருக்குறள் (274) பொய்த்தவத்திற்கு உவமையாக்குவதும் இத்தொழிலில் மறைவு பெற்ற இடத்தைக் காட்டும்.

இந்நுட்பங்களை விளங்கிக்கொள்ளப் பிற நாட்டுப் புறாவேட்டை துணைசெய்கின்றது. இங்கிலாந்தில் பயிரை அழிக்கும் காட்டுப்புறாக்களைச் சுடப் புதிதாகப் பழகுவோர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவது போலிப் புறாக்களை வைக்கும் முறையே. பறவைகள் காற்றை எதிர்த்தே தரையிறங்கும். ஆதலின் போலிகள் பெரும்பாலும் காற்றை நோக்கி வைக்கப்படுகின்றன. குதிரை லாட வடிவில் அவற்றை அமைத்து, வரும் புறா இறங்குதற்கு நடுவே வெற்றிடம் விடுவர். சுடுபவர் மறைவிடம் அங்கிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 கஜத் தொலைவில் அமையும். அசைவற்ற போலிகள் மட்டும் போதா. ஒன்றிரண்டேனும் இறக்கையடிப்பதுபோல் அசைய வேண்டும்.

அசைவின் இன்றியமையாமையை வட அமெரிக்க வரலாறு கொடிய வகையில் மெய்ப்பிக்கின்றது. பாசஞ்சர் பிஜியன் எனப்பட்ட வலசைப் புறாக்களைப் பிடிக்க, உயிருள்ள புறா ஒன்றின் இமைகளைத் தைத்து, கோலின் நுனியிலுள்ள சிறு இருக்கையிற் கட்டினர். கயிற்றை இழுத்துக் கோலை உயர்த்தித் தாழ்த்தியபோது அது சிறகடித்தது. இரைக்கு இறங்கும் புறா எனக் கருதி மேலே பறந்த கூட்டம் கீழிறங்கியது, வலை விழுந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய ‘ஸ்டூல் பிஜியன்’ என்னும் பெயர் பின்னர் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. தந்தியும் இருப்புப்பாதையும் இவ்வலைத்தொழிலைப் பெருவணிகமாக்கின. 1878இல் மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கியில் கூடுகட்டிய பெருந்திரள் பேரளவில் அழிக்கப்பட்டது. இவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. முற்றத்துத் தேவைக்கும் சந்தைக்கும் உள்ள தொலைவு இது.

போலி உருக்களும் பழமையானவையே. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924இல் கண்டெடுக்கப்பட்ட கோரைப்புல் வாத்துருக்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை வாய்ந்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. மேற்காட்டிய தமிழ்ச் சான்றுகளிலோ பார்வை உயிருள்ளதாகவே வருகின்றது.

இப்பின்னணியில் நற்றிணை 312ஐ மீண்டும் நோக்கலாம். கழார்க்கீரன் எயிற்றியார் பாடிய இப்பாடலில் தலைவன் தன் நெஞ்சொடு பேசுகின்றான். மழையும் பனியும் மிக்க காலம். ஈங்கையின் தளிர் வருட, சிறகுகளைக் குவித்து வருந்தியிருக்கின்றது வெண்குருகு. பார்வை வேட்டுவன் அதன் காழினை நீக்கி அருள்செய்கின்றான். காழ் என்பதற்குத் தறி, கோல் முதலிய பொருள்கள் உண்டு. குருகு பிணிக்கப்பட்டிருந்த முளை எனக் கொள்வதே தொழிலுக்கு இயைபுடையது. சிறகு குவித்த பறவையால் வேட்டைக்குப் பயனில்லை. ஆகவே வேட்டுவன் அன்றைய தொழிலை முடித்து அதனை அவிழ்த்தான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் புலவர் அதனை அருள் என்கின்றார். உடனிருக்கும்போதே, அதுவும் கோடையிலேயே குளிரால் நடுங்குபவள் வாடைக்கு என்ன ஆவாளோ எனத் தலைவன் கவலுதற்கும் அவ்வருளே எதிர்நிலையாகின்றது. வேட்டுவன் பறவையை விடுவிக்க, தலைவன் தலைவியைப் பனியில் விடுத்தான். முதலீடாக வளர்த்த பார்வையை இழக்கும் செயல் இது என்பதை அறிந்தால்தான் அவ்வருளின் அளவு விளங்கும். புலவரின் பெயரிலுள்ள எயிற்றி என்பது குடிப்பெயராயின், இச்செய்தி நேரறிவின் வழி வந்ததாதலும் கூடும்.

சேக்கிழார் காலத்திலும் இவ்வழக்கு நினைவிலிருந்தது. கண்ணப்பர் புராணத்தில் உடுப்பூர் முன்றில்களில் பன்றி, புலி, கரடி, கடமை, மான் ஆகியவற்றின் பார்வைகள் கூறப்படுகின்றன. புலியையும் கரடியையும் பார்வையாகப் பழக்குதல் நடைமுறையில் ஐயத்திற்குரியது. அங்குக் காப்பிய மிகை புகுந்திருக்கலாம்.

கூண்டுக் கவுதாரியைக் கூவச்செய்து காட்டுக் கவுதாரியைப் பிடிக்கும் முறையில் பழைய பார்வை வேட்டை அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதனுள் பிடித்தல், கண்ணியிடுதல், பொறிவைத்தல், இரைகாட்டுதல் ஆகியவற்றையும் அடக்கியது. குருவிக்காரர் என்று பெயரிலேயே தொழிலைச் சுமந்த மக்களுக்கு அத்தொழில் அதன்பின் குற்றமாயிற்று.