தீவிர இதயச் செயலிழப்பு ஆய்வில் பெருவிலங்கு மாதிரிகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோயுற்ற மனிதரிடம் நிகழ்த்தவியலாத இதயச் சோதனைகள் நாய், பன்றி முதலிய பெருவிலங்குகளில் நிகழ்த்தப்பட்டுவந்தன. ஒவ்வொரு விலங்கு மாதிரியும் தன் காலத்து வினாவுக்கேற்ப உருவானது. அவ்வினாவின் எல்லையே மாதிரியின் எல்லையும் ஆயிற்று என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

நாயின் இதயம்

இங்கிலாந்தில் ஸ்டார்லிங் குழுவினர் நாயின் இதயத்தையும் நுரையீரலையும் பிற உறுப்புகளின் சுற்றோட்டத்திலிருந்து பிரித்து இயக்கி, 1914இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இதயத்தை நிறைக்கும் குருதி மிகுந்தால், ஓர் எல்லைவரை அதன் சுருங்குவிசையும் மிகும் என்பது புலனாயிற்று. சிறுநீரகத்தின் பங்கிற்கு இவ்வமைப்பில் இடமில்லை.

1943இல் ஸ்டார் முதலியோர் நாய்களின் வலக் கீழறைச் சுவரைச் சுட்டுச் சிதைத்தனர். சிரை அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. இதனால் வலக் கீழறை அத்துணை இன்றியமையாததன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. அந்நாய்களின் நுரையீரல் குருதிக்குழாய்கள் நலமாக இருந்தமை உரிய கவனம் பெறவில்லை. மனிதரில் வலக் கீழறைத் தசையழிவின் இயல்புகள் 1974இல் விவரிக்கப்பட்ட பின்னர் அக்கருத்து தளர்ந்தது.

நாயிலிருந்து பன்றிக்கு

1952இல் அக்ரெஸ் குழுவினர் மார்பைத் திறக்காமலே நாயின் இதயத் தமனிகளுள் நுண்கோளங்களைச் செலுத்தி அதிர்ச்சிநிலையை உண்டாக்கினர். அறுவையின் விளைவு நோயின் விளைவோடு கலப்பதை இம்முறை தவிர்த்தது. எனினும், நாயின் இதயத் தமனிகளிடையே இணைப்புக் குழாய்கள் மிகுதி. அவற்றின் அளவு நாய்க்கு நாய் வேறுபடும். ஆதலால் ஒரே இடத்தில் அடைத்தாலும் தசையழிவின் பரப்பு ஒத்திருப்பதில்லை. பன்றியிலோ அவ்விணைப்புகள் மிகக் குறைவு. தசையழிவு ஏறத்தாழச் சீராக அமையும். எனவே பன்றி விரும்பப்பட்டது. ஆயினும் குருதியோட்டம் தடைப்பட்டவுடன் கீழறை நடுக்கத்தால் அது எளிதில் இறந்துவிடும்.

முடிவுரை

பெருந்தமனியுள் வைத்து, இதயம் விரியும்போது ஊதப்படும் பலூன் கருவியை மௌலோபௌலோஸ், டோபாஸ், கோல்ஃப் ஆகியோர் 1962இல் நாய்களில் சோதித்தனர். பின்னர் அது மருத்துவமனைகளில் பரவியது. மாரடைப்பினால் அதிர்ச்சிநிலையுற்ற 600 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. கருவி பொருத்தப்பட்டோர், பொருத்தப்படாதோர் ஆகிய இரு பிரிவிலும் 30 நாள்களுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இறந்தனர். விலங்குச் சோதனைகள் சில மணிநேர அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்தன. நோயாளி பிழைப்பாரா என்பது வேறு வினா. ஆகவே ஒரு மாதிரியை மதிப்பிடுகையில், எவ்விலங்கு என்பதோடு, அதன் முன்னைய உடல்நிலை, அளக்கப்பட்டது எது, எவ்வளவு காலம் என்பனவும் வினவப்படல் வேண்டும்.