மூளைவாதமும் குருதிச் சோதனையும்

தன் நோயைத் தானே எடுத்துரைக்க இயலாதவரின் உடல்நிலையை மருத்துவர் எங்ஙனம் அறிவது? பிறந்த குழந்தைக்குப் பேச்சில்லை. மூளைவாதத்தால் நாவும் இதழும் வசப்படாத பெரியவர்க்கும் நெஞ்சுவலி இது, வயிற்றுவலி இது என்று கூறுவது அரிது. இவ்விருவர்க்காகவும் பேசவல்லது குருதி. குழந்தைக்காகக் குருதியைப் பேசவைத்த வரலாற்றில் ஒரு சிறந்த பகுதி, ஜொகூர் பாருவுக்கு எதிர்க்கரையிலேயே நிகழ்ந்தது. பெரியவர்க்காக அதனைப் பேசவைக்கும் முயற்சியோ அண்மையில்தான் வலுப்பெற்றுள்ளது.

லிட்டில் கண்ட நோய்

மூளை வளரும் பருவத்தில், கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சிறிது காலத்திலோ அதற்கு நேரும் ஊறுபாட்டால் தசைகளின் இயக்கம் கெடுவதே மூளைவாதம். இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ வேறு, இது வேறு. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1861ஆம் ஆண்டில் இதனைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் பெயர்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, 1897இல் இதுபற்றி ஒரு பெருநூல் எழுதினார். கடினமான பிரசவமே சிலபோது கருவில் முன்னரே நேர்ந்த கேட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அக்கால ஆராய்ச்சி பெரிதும் குழந்தைகளைப் பற்றியதாகவே இருந்தது.

காமாலை தந்த பாடம்

மூளைவாதத்திற்குக் காரணங்கள் பல. குறைமாதப் பிறப்பு, தொற்றுநோய், உயிர்வளிக் குறைவு ஆகியன அவற்றுட் சில. கடுமையான காமாலையும் ஒன்று. குருதியின் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகிறது. அஃது அளவு கடந்து பெருகினால் குழந்தையின் மூளைக்குள் புகுந்து நிலையான ஊறு விளைக்கும். அவ்வாறு ஊறுபட்டோரின் கைகால்கள் தம்போக்கில் அசையும், செவி மந்தமாகலாம், ஆனால் அறிவு பலரிடம் குன்றுவதில்லை.

இங்கிலாந்தின் ராச்போர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்னும் செவிலியர், 1956இல், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் நிறம் குறைந்திருப்பதைக் கண்டார். பின்னர், வெயிலில் இருந்த ஒரு குருதிக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருப்பது தெரியவந்தது. 1958இல் வெளியான அந்த ஆய்விலிருந்தே இன்றைய ஒளிச் சிகிச்சை பிறந்தது. அதற்காக, வீட்டு முற்றத்து இளவெயிலே போதும் என்று கடுங்காமாலையுற்ற குழந்தையை வைத்திருத்தல் பேரிடராகும்.

சிங்கப்பூரில் இவ்வகை மூளைவாதத்திற்கு அடிப்படையாயிருந்தது ஜி-6-பி-டி என்னும் நொதியின் குறைவு. இக்குறையுள்ள குழந்தையின் சிவப்பணுக்கள் அந்துருண்டையின் நெடியாலும் சில நாட்டு மருந்துகளாலும்கூடச் சிதையக்கூடும். பேராசிரியர் வோங் ஹொக் பூன் இதனை ஆராய்ந்தார். 1965 முதல் அங்குப் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதி சோதிக்கப்பட்டது. குறையுள்ள குழந்தைகள் மருத்துவமனையிலேயே காக்கப்பட்டனர். காமாலையால் விளையும் மூளைவாதம் மிக அரிதாயிற்று. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளிலும் 1980களில் இச்சோதனை நடைமுறைக்கு வந்தது.

வளர்ந்த பின்னர்?

சிங்கப்பூரில் மூளைவாதமுற்றோர்க்கென 1957இல் தோன்றிய சங்கத்தின் பெயரிலேயே 'குழந்தைகள்' என்னும் சொல் இருந்தது. இன்று அதன் பெயரில் அச்சொல் இல்லை. காரணம் தெளிவு: குழந்தைகள் வளர்ந்துவிட்டனர். மருத்துவம் முன்னேறிய நாடுகளில் மூளைவாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் பெரியவராகி வாழ்கின்றனர். அவர்களிடம் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதயநோய், பக்கவாதம், மூட்டுவலி ஆகியன மற்றவரினும் மிகுந்து காணப்படுவதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்டனர். பிரிட்டன் 2019இல் இப்பெரியவர்க்கெனத் தனி மருத்துவ வழிகாட்டி வகுத்தது.

இங்கேதான் குருதியின் மொழியைக் கவனமாகப் படிக்கவேண்டும். உடல் மெலிந்த ஒருவரைக் கண்டு கொழுப்பில்லை எனத் துணிதல் தவறு. தசை தேய்ந்த உடலில் எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம். ஆகவே சர்க்கரையையும் கொழுப்பையும் குருதியில்தான் காணவேண்டும். வெயில் காணாது வீட்டினுள் இருப்போர்க்கும், வலிப்புக்குச் சில மருந்துகளை நெடுநாள் உண்போர்க்கும் வைட்டமின் டி குறைந்து எலும்பு நலியும்.

சிறுநீரகச் சோதனை மேலும் நுட்பமானது. கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் தசையிலிருந்து பிறப்பது. சிறுநீரகம் பழுதுற்றால் அது குருதியில் மிகும் என்பது பொதுவிதி. தசையே குறைந்தவரிடம் அது முதலிலேயே குறைவு. எனவே சிறுநீரகம் நலிந்திருந்தும் தாளில் எண் நலமாகவே தோன்றும். தசையை அவ்வளவு சாராத சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தை அளந்தால் உண்மை புலப்படும்.

நம் கடமை

மலேசியாவில் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிற்று. உடற்பேறு குறைந்தோர்க்கான சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. எனினும் சட்டமும் மையமும் மட்டும் ஒருவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லா. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும், தோட்டம் விட்டு நகர்ப்புறம் பெயர்ந்த குடும்பங்களில், முதிய தாயொருத்தி நாற்பது வயது மகனுக்கு இன்றும் சோறூட்டக் கூடும். அவன் உண்ண மறுத்தால், உறக்கமின்றித் தவித்தால், "பிறவிக் குறைதானே" என்று நாம் அமைந்துவிடலாகாது. பிறவியில் நேர்ந்த ஊறு அன்றே முடிந்தது. இன்று வருத்துவது வேறொரு நோயாக இருக்கலாம், அதுவும் தீர்க்கக்கூடிய நோயாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் மற்றப் பெரியவர்க்குச் செய்யும் குருதிச் சோதனையை இவர்க்கும் காலந்தோறும் செய்யுமாறு கேட்பது குடும்பத்தார் கடமை. தசைக்குறைவை நினைவிற்கொண்டு அதன் எண்களைப் படிப்பது மருத்துவர் கடமை. பிறந்த நாளில் ஒரு துளிக் குருதிக்குச் செவிசாய்த்த சமுதாயம், அக்குழந்தை வளர்ந்தபின் செவியை மூடிக்கொள்வது முறையாகாது.