வாளிலிருந்து வாளிக்கு: குங்ஃபூ படங்களில் பயிற்சி கதையான வரலாறு

1928இல் ஷாங்காயின் மிங்சிங் நிறுவனம் ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ என்ற ஊமைப்படத்தை வெளியிட்டது. அதில் வாள்கள் தாமாகப் பறந்தன. வீரர்களின் உள்ளங்கையிலிருந்து ஒளி பாய்ந்தது. ஆட்களைக் கம்பியில் கட்டித் தூக்கினார்கள். ஒளியைப் படச்சுருளில் கையாலேயே வரைந்து சேர்த்தார்கள். கூட்டம் அலைமோதியது. 1931க்குள் 18 பாகங்கள் வந்துவிட்டன. அதே ஆண்டில், மூடநம்பிக்கையைப் பரப்புகின்றன என்று சொல்லி இவ்வகைப் படங்களுக்குச் சீன தேசிய அரசு தடை போட்டது. அந்த 18 பாகங்களின் பிரதி எதுவும் இன்று மிஞ்சவில்லை.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து வந்த ஒரு ஹாங்காங் படத்தில் நாயகன் பறக்கவில்லை. இரண்டு வாளிகளில் தண்ணீர் சுமக்கிறான். அரங்கம் அதையும் கண் கொட்டாமல் பார்த்தது. பறக்கும் வாளில் இருந்த கவர்ச்சி தண்ணீர் வாளிக்கு இடம் மாறிய கதைதான் குங்ஃபூ படத்தின் வரலாறு. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கான விடை திரைக்கதை எழுதியவர்களிடம் இல்லை. சண்டை அமைத்தவர்களின் குடும்பங்களில் இருக்கிறது.

குவாங்டோங் மாகாணத்தில் வோங் ஃபெய்-ஹுங் என்ற வைத்தியர் வாழ்ந்தார். ‘ஹுங் கார்’ என்ற தென்சீனச் சண்டை மரபின் ஆசானும் அவரே. 1920களின் நடுவில் அவர் இறந்தார். 1949இல் இயக்குநர் வூ பாங் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். மந்திரம் வேண்டாம், மெய்யான தென்னாட்டுக் குத்து வேண்டும் என்பதே வூ பாங்கின் எண்ணம். கான்டனீஸ் இசைநாடக நடிகரான க்வான் தக்-ஹிங் ஆசானாக நடித்தார். அதே வேடத்தில் 70க்கும் மேற்பட்ட படங்களில் தொடர்ந்தார். 1956இல் மட்டும் 25 வோங் ஃபெய்-ஹுங் படங்கள் வந்தன. மாதத்துக்கு இரண்டு என்ற கணக்கு!

வோங்கின் சீடர் லாம் சாய்-விங், கசாப்புக்காரர். அவரிடம் நிஜமாகவே பாடம் கேட்டவர் லாவ் சாம். படங்களில் லாம் சாய்-விங்காக வந்தவரும் இதே லாவ் சாம்தான். தன் குருவின் வேடத்தைத் தானே கட்டும் பேறு எத்தனை நடிகர்களுக்கு வாய்க்கும்? லாவ் சாமின் மகன் லாவ் கார்-லியுங் அதே படங்களில் அடி வாங்கி விழும் துணை நடிகராகத் தொழிலுக்குள் நுழைந்தார். இந்த மகனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டத்துக்குப் பணம் சிங்கப்பூர் வழியாக வந்தது. ஷா சகோதரர்கள் அங்கே திரையரங்குகளும் கேளிக்கைப் பூங்காக்களும் நடத்தியவர்கள். ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் அவர்கள் எடுத்த மலாய்ப் படங்களுக்கு இந்திய இயக்குநர்களை வரவழைத்தார்கள். மலாய் நடிகர் பி. ராம்லியை ‘பக்தி’ (1950) படத்தில் நாயகனாக்கிய எல். கிருஷ்ணன் சென்னைக்காரர். ரன் ரன் ஷா 1950களின் பிற்பகுதியில் ஹாங்காங் போய், கிளியர்வாட்டர் குடாவில் பிரம்மாண்டமான படநகரம் ஒன்றை எழுப்பினார்.

அங்கே 1966இல் கிங் ஹூ எடுத்த ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தில் செங் பெய்-பெய் வாளேந்தினார். அவர் நடனம் பயின்றவர். சண்டை அமைத்த ஹான் யிங்-ச்சியே பீக்கிங் இசைநாடகத்தில் வளர்ந்தவர். மறு ஆண்டு சாங் சே இயக்கிய ‘ஒற்றைக்கை வாள்வீரன்’ ஹாங்காங்கில் மட்டும் 10 லட்சம் ஹாங்காங் டாலரைத் தாண்டி வசூலித்தது. கையிழந்த நாயகன் பாதி எரிந்த ஒரு பழஞ்சுவடியை வைத்துக்கொண்டு இடக்கையால் மறுபடி பழகுகிறான். சண்டை அமைத்த இருவரில் ஒருவர் லாவ் கார்-லியுங். பயிற்சி என்பது கதையின் முதுகெலும்பாக முடியும் என்பதற்கு இது முதல் அறிகுறி.

1970இல் ‘சைனீஸ் பாக்ஸர்’ படத்தில் ஜிம்மி வாங் யூ வாளைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையை உரமேற்றினார். 1971இல் புரூஸ் லீ வந்தார். 1973இல் ‘என்டர் தி டிராகன்’ வெளியாகும் முன்பே, ஜூலை 20 அன்று, 32 வயதில் மறைந்தார். அந்தப் படத்தின் வில்லன் ஷீ கியென், பழைய வோங் ஃபெய்-ஹுங் படங்களின் நிரந்தர வில்லன். ஆனால் புரூஸ் லீ இந்த மரபில் ஒரு விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். அவர் திரைக்கு வரும்போதே முழுமையாக வருகிறார். அவர் கற்பதை நாம் பார்ப்பதில்லை. அவரை வியக்கலாம், பின்தொடர முடியாது.

பின்தொடர வழி காட்டியவர் லாவ் சாமின் மகன். 1978இல் அவர் இயக்கிய ‘ஷாவ்லினின் 36ஆம் கூடம்’ படத்தில் பயிற்சி ஓர் இடைவேளைப் பாட்டு போல வந்து போவதில்லை. படத்தின் பெரும்பகுதியே அதுதான். கார்டன் லியு நடித்த சான் தே, ஷாவ்லின் மடத்தின் 35 கூடங்களைக் கடக்க வேண்டும். மிதக்கும் கட்டைகள்மேல் தாவித்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கே போக முடியும். விழுந்து எழுந்து வருவதற்குள் பந்தி முடிந்துவிடும். அடுத்து தண்ணீர். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, வாளிகளோடு மேட்டில் ஏற வேண்டும். புயங்களில் கட்டிய கத்திகள் விலாவை நோக்கி நிற்கும். கை அலுத்துத் தாழ்ந்தால் கத்தி பதம் பார்க்கும். கேமரா அவசரப்படாமல் அந்தக் கைகளையே பார்க்கிறது. முதல் நாள் நடுக்கமும் பல மாதம் கழித்து வந்த நிதானமும் ஒரே உடம்பில் தெரிகின்றன. கதைப்படி எல்லாவற்றையும் கற்றவன் கடைசியில் கேட்பது, மடத்துக்கு வெளியே சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர 36ஆவதாக ஒரு கூடம்.

அதே ஆண்டு யுவன் வோ-பிங் இயக்கிய ‘டிரங்கன் மாஸ்டர்’ இதையே சிரிப்பாக்கியது. தலைகீழாகத் தொங்கும் ஜாக்கி சான், கீழே இருக்கும் நீரைச் சின்னக் கிண்ணங்களால் மொண்டு மேலே உள்ள வாளியில் ஊற்ற வேண்டும். அவர் ஏற்ற பாத்திரம் இளவயது வோங் ஃபெய்-ஹுங். குடிகார ஆசானாக வந்தவர் இயக்குநரின் அப்பா யுவன் சியு-தியன். மறுபடியும் குடும்பம்! ஜாக்கியும் சிறு வயதில் ஓர் இசைநாடகப் பள்ளியில் பிரம்படி பட்டுப் பயின்றவர். திரையில் அவர் முகம் சுளிப்பதில் நடிப்பு எவ்வளவு, ஞாபகம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

அடி, சட்டென ஓர் உறைநிலை, மீண்டும் அடி என்ற இந்தச் சண்டைகளின் தாளத்தைத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் விரிவாக எழுதியிருக்கிறார். இசைநாடக மேடையில் தாளம் நின்றதும் நடிகர் சிலையாக நிற்பதும் இதே உத்திதான். உறைய வேண்டுமானால் உடம்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். அது படத்தொகுப்பு மேசையில் கிடைக்காது. தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் வரும் ‘சண்டைப் பயிற்சி’ என்ற சொல், ஹாங்காங் படங்களுக்குத்தான் இன்னும் அச்சாகப் பொருந்துகிறது.

ஷாவ்லின் என்றதும் நம்மவர்கள் காஞ்சிபுரத்துப் போதிதர்மரை இழுத்து வருவார்கள். அவரைச் சண்டைக்கலையோடு சேர்க்கும் கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றைத் தாண்டிப் பின்னால் போவதில்லை. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930களிலேயே அதை மறுத்துவிட்டார். தமிழருக்கு இதில் நிஜமான பங்கு வேண்டுமென்றால் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் தேடுவதே நல்லது.

ஹாங்காங்கின் குங்ஃபூ படங்கள் நியூயார்க்கின் மலிவு அரங்குகளிலும் தொலைக்காட்சியிலும் ஓடி, கறுப்பின இளைஞர்களைப் பிடித்துக்கொண்டன. 1993இல் வூ-டாங் கிளான் என்ற ராப் குழு தன் முதல் தொகுப்பின் பெயரிலேயே 36 கூடங்களைச் சேர்த்தது.

லாவ் கார்-லியுங் 2013இல் காலமானார். புரூஸ் லீயை மட்டும் பார்த்துவிட்டுக் குங்ஃபூ படம் பார்த்தாயிற்று என்று இருப்பவர்கள், லாவ் கார்-லியுங்கின் 36ஆம் கூடத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். கடைசிச் சண்டைக்கு ஓட்டிவிடாமல், தண்ணீர் சுமக்கும் இடத்தை முழுசாகப் பாருங்கள்.